கழுவ வேண்டாம் என்று எழுதிய சீசா

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையின் தோலைத் துடைப்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். என் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு ஒரே சிரிப்பு. "இதுல பேச என்னக்கா இருக்கு? தண்ணில நனைச்சுத் துடைக்க வேண்டியதுதானே. அரை நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றான். அவன் சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சமிருக்கும் கால்வாசிக்காக, அதாவது துடைத்தபின் கழுவத் தேவையில்லை என்று சொல்லி விற்கும் சரக்குகளைப் பற்றிப் பேசத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் முப்பது வருடமாக மருந்தாளுநர். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பிரான்சில் ஒரு சொந்தம் இருக்கும். எனக்கு மகள் இருக்கிறாள், பாரிசுக்கு வடக்கே சார்செலில். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தேன். ஜனவரி மாதம், எலும்பை உறையவைக்கும் குளிர். பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டியே தீருவது என்ற முடிவோடு விமானம் ஏறியவள் நான். அங்கே மகப்பேறு மருத்துவமனையில், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை குளிப்பாட்டினால் போதும், மற்ற நாளில் முகம், கழுத்து, கை, அடிப்பகுதி இவற்றை மட்டும் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் வீட்டில் பிள்ளைக்கு டயப்பர் மாற்றும் மேசையில் சதுரம் சதுரமாக வெட்டிய பஞ்சு ஒரு கட்டு, லினிமான் என்ற எண்ணெய்ச் சரக்கு ஒரு பெரிய சீசா, பக்கத்திலேயே பிள்ளையைத் துடைப்பதற்கென்று தண்ணீர் போலத் தெளிவாக இன்னொரு சீசா. அதன் மேல் பிரெஞ்சில் 'சான் ரேன்சாஜ்' என்று போட்டிருந்தது. கழுவத் தேவையில்லை என்று அர்த்தம்.

இரண்டு வாரம் போயிருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தபோது புளித்த தயிர் வாடை. தாடையை மெதுவாகத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பிறந்த குழந்தைக்குக் கழுத்து ஏது, மூன்று மடிப்புதானே இருக்கும். நடு மடிப்பில் கக்கிய பால் வெள்ளை நூல் மாதிரி ஒட்டியிருந்தது. அதன் கீழே தோல் சிவந்து, ஈரமாக, தொட்டால் பிள்ளை முகம் சுளிக்கிற அளவுக்கு வெந்துபோயிருந்தது. "தினம் அஞ்சாறு தடவை இந்தத் தண்ணியில துடைக்கிறேனேம்மா" என்றாள் மகள். துடைத்தாள், நிஜம்தான். கழுவ வேண்டாம் என்று போட்டிருந்ததால் கழுவவில்லை. ஒற்றி உலர்த்தச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. பாலும் ஈரமும் சீசாவில் இருந்த சரக்கும் சேர்ந்து மடிப்புக்குள்ளேயே தங்கிவிட்டன. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் துடைத்து, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த பழைய வேட்டித் துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டோம். மூன்றாம் நாள் சிவப்பு இறங்கிவிட்டது.

அந்தச் சீசாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. 'கழுவ வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தையை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதுதான் விஷயம். கழுவாமல் விட்டாலும் பெரிதாகக் கெடுதல் வராது என்று தயாரிப்பாளர் தரும் அனுமதி அது. கழுவினால் கெட்டுப்போகும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சோப்புத் தண்ணீரில் தரையைத் துடைத்துவிட்டு நல்ல தண்ணீரில் மறுபடி துடைக்காமல் விட்டால் கால் பிசுபிசுக்கிறதல்லவா? இங்கேயும் அதே கதை. அழுக்கில் பெரும்பகுதி பஞ்சோடு போகிறது. தண்ணீர் ஆவியாகிறது. சீசாவில் இருந்த மற்றதெல்லாம் பிள்ளையின் தோலில்தான் இருக்கிறது. ஆகவே, இது எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்யும் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். எதை விட்டுவிட்டுப் போகும் என்பதை முதலில் கேளுங்கள்.

அந்தத் தெளிந்த தண்ணீருக்கு மைசெல்லார் தண்ணீர் என்று பெயர். 1990-களில் பிரான்சின் மருந்துக் கடைகளில், பெண்கள் முகப்பூச்சைத் துடைக்க வாங்க ஆரம்பித்த சரக்கு இது. பிறகு குழந்தைகள் பக்கம் வந்தது. நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருகிற பொருள் இருக்கிறதே, அந்த வேலையைச் செய்கிற துகள்கள்தான் இதிலும். ஒவ்வொன்றுக்கும் தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். தண்ணீரில் ஓரளவுக்கு மேல் அவை சேர்ந்தால், தேர்க் கூட்டத்தில் பெரியவர்கள் வட்டமாக நின்று பிள்ளைகளை நடுவில் விடுவது போல, தலையெல்லாம் வெளியே, வாலெல்லாம் உள்ளே என்று உருண்டை கட்டிக்கொள்ளும். அதுதான் மைசெல். எண்ணெய்ப் பிசுக்கு எதிர்ப்பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மின்னூட்டம் இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்துப் போடுவார்கள். அது தோலின் புரதத்தோடு அதிகம் ஒட்டாது, அதனால் மென்மையானது. லேபிளில் பாலோக்ஸமர், பாலிசார்பேட் 20, டெசில் குளுக்கோசைடு என்றெல்லாம் போட்டிருப்பது இதைத்தான். மென்மையானது என்பதற்காக அங்கேயே கிடக்கட்டும் என்று நான் விடமாட்டேன்.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், குழந்தையின் மேல்தோலில் வெளிப்புற அடுக்கு நம்முடையதைவிடச் சுமார் 30 சதவீதம் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்போ நம்மைவிட அதிகம். பிறந்தபோது அந்தத் தோலில் அமிலத்தன்மை குறைவு. முதல் சில வாரங்களில்தான் அது மெல்ல ஏறி, பி.எச். என்ற அளவு 5-க்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும். இந்த அளவில் எண் குறைந்தால் புளிப்பு, ஏறினால் காரம். அந்த லேசான புளிப்புதான் தோலின் காவல்காரன். நாம் போடும் சாதாரண சோப்பின் பி.எச். அளவு 9, 10. ஒவ்வொரு தடவையும் காவல்காரனைக் கொஞ்ச நேரம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. டயப்பருக்குள் நிலைமை இன்னும் மோசம். மலத்தில் உள்ள கிருமிகளின் நொதி, மூத்திரத்தைப் பிரித்து அம்மோனியா உண்டாக்கும். காரம் ஏறும். காரம் ஏறினால் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகளுக்குத் தெம்பு வந்துவிடும். சாப்பாட்டைக் கரைக்க வேண்டியவை பிள்ளையின் தோலைக் கரைக்க ஆரம்பிக்கும். டயப்பர் ராஷ் என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். சீசாவைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் இருக்கும் இலையும் பூவும் கரடிக்குட்டியும் விளம்பரக்காரர் வரைந்தது. 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை வருவது குறைவு என்ற சொல்லுக்குச் சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே சொல்லியிருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அதிகம் இருப்பது முதலில், குறைவானது பிறகு என்று வரிசையாக வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் வரிசை மாறலாம். முதலில் 'அக்வா', அதாவது தண்ணீர். அடுத்து கிளிசரின் இருந்தால் நல்லது. பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நிம்மதி. 'பர்ஃபம்' என்றோ 'ஃப்ரேக்ரன்ஸ்' என்றோ இருந்தால் நான் அப்படியே திரும்ப வைத்துவிடுவேன். பிள்ளைக்கு வாசனை எதற்கு? அந்த வாசனை அம்மாவுக்கும் அத்தைக்கும்.

பாதாம், கோதுமைப் புரதம், கடலை எண்ணெய் என்று தின்பண்டம் சேர்த்ததை இயற்கை என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் போட்டுவந்தவர்கள் 2,000 பேருக்கும் மேல் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள். அதற்கு முன் ரொட்டி, நூடுல்ஸ் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். வெந்த தோல் வழியாக உணவு உள்ளே போனால், உடம்பு அதைப் பகையாளியாக நினைத்துவிடலாம்.

அடுத்தது, கெடாமலிருக்கச் சேர்ப்பவை. இங்கே என் மகளோடு எனக்குச் சண்டையே வந்தது. ப்ரிசர்வேட்டிவ் இல்லாததுதான் வேண்டும் என்றாள். தண்ணீர் இருக்கும் எந்தச் சரக்கும் திறந்த பிறகு கிருமிக்கு வீடு. 2014-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான வைப்ஸை, அதாவது துடைக்கும் ஈரத் தாளை, பர்கோல்டேரியா செபாசியா என்ற கிருமி இருந்ததால் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆகவே ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். எது என்பதுதான் கேள்வி. மெதில்ஐசோதயசோலினோன் என்று நீளமாக ஒன்று உண்டு. பெயரைப் பாடமாக்க வேண்டாம், கடைசியில் 'தயசோலினோன்' என்று முடிந்தால் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைப்ஸ் துடைத்த குழந்தைகளுக்கே அதனால் ஒவ்வாமை வந்திருக்கிறது. கழுவாமல் விடும் சரக்குகளில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஃபீனாக்ஸி எத்தனால் என்ற இன்னொரு ப்ரிசர்வேட்டிவ் விஷயத்தில் பெரிய நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளின் அடிப்பகுதிக்கு அது வேண்டாம் என்று பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு முகமை 2012-ல் பரிந்துரைத்தது. 2019-ல் லேபிளிலேயே அப்படி எழுதச் சொன்னது. ஐரோப்பிய அறிவியல் குழுவோ ஒரு சதவீதம் வரை பரவாயில்லை என்று 2016-ல் சொல்லியிருந்தது. என்னைக் கேட்டால், கைக்கும் முகத்துக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டயப்பர் மூடி வைக்கிற இடத்துக்கு வேண்டாம் என்பேன். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போட்டவை கிடைக்கும்போது எதற்கு வம்பு?

அந்த மேசையில் இன்னொரு சீசா இருந்ததே, லினிமான், அதைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஆலிவ் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவு நீரும் சரிபாதி. அவ்வளவுதான் அதன் மூல மருந்து. பார்த்ததும் என் பாட்டி நினைவு வந்தது. அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை எடுத்துத் தேங்காய் எண்ணெயோடு அடித்து வெண்ணெய் போலத் திரளவைத்துப் பூசுவாள். ஸ்காட்லாந்தில் காரன் என்ற இரும்பாலையிலும் இதையே ஆளிவிதை எண்ணெயில் செய்து, தீக்காயம் பட்ட தொழிலாளிகளுக்குப் போட்டார்கள். காரன் எண்ணெய் என்றே பெயர் நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிள்ளையின் அடிப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கழுவ வேண்டாம் என்ற சொல் நியாயமாகப் பொருந்துகிற சரக்கு இதுதான். துடைத்தபின் தங்கும் எண்ணெய்ப் படலம் அடுத்த ஈரத்திலிருந்து தோலைக் காக்கிறது. ஆனால் இது காரச் சரக்கு, அதனால் ஏற்கெனவே வெந்திருக்கும் தோலில் நான் போடச் சொல்ல மாட்டேன். வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். தெளிவு கொஞ்சம் கலங்கலாக வந்தாலும் பிள்ளைக்குப் புண்ணாகிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தினம் காலையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பாட்டி இருக்கிற வீட்டில் பெரும்பாலும் தேவையில்லை. பயத்தமாவு மட்டும் மடிப்புகளில் தேய்க்காதீர்கள், உள்ளே தங்கிவிடும். பவுடரும் அப்படித்தான், போதாததற்கு மூச்சில் வேறு ஏறும். பேருந்தில் வேளாங்கண்ணி வரைக்கும் போகிறீர்கள், பிள்ளைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, தண்ணீர் நன்றாக இல்லாத இடத்தில் தங்கியிருக்கிறீர்கள், அப்போது இந்தச் சீசா கைகொடுக்கும். வெறும் தண்ணீரும் பஞ்சும் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். 2012-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சிளங்குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, நல்ல வைப்ஸும் தண்ணீர்ப் பஞ்சும் தோலின் ஈரப்பதத்தைச் சமமாகத்தான் காத்தன. வைப்ஸ் நிறுவனங்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லும். தண்ணீருக்கும் அது சாதகம்தானே.

வாங்கினால், முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணயம் அளவு தடவி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். பஞ்சில் ஊற்றுங்கள், பிள்ளை மேல் ஊற்றாதீர்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னால். காய்ந்துபோன மலத்தின் மேல் ஈரப் பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்தால் தானே இளகும். தண்ணீர் கையில் இருந்தால் கடைசியாக ஒருமுறை அதில் துடையுங்கள், பிறகு உலர்த்துங்கள். கண்ணுக்கு இந்தச் சரக்கே வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளியே, கண்ணுக்கு ஒரு பஞ்சு. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், தொப்புள் கொடி விழாத பிள்ளைக்கும், தோலில் நீர்க்கொப்புளமோ சீழோ உள்ள பிள்ளைக்கும் என்னைப் போன்ற கடைக்காரியைக் கேட்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மகள் போன தடவை ஊருக்கு வந்தபோது அதே சரக்கில் புதுச் சீசா ஒன்று கொண்டுவந்தாள். பின்பக்கம் மூடி திறந்த டப்பா படமும் அதற்குள் 6 என்ற எண்ணும் இருக்கிறது. திறந்து ஆறு மாதம் என்று கணக்கு. திறந்த தேதியை பால்பாயிண்ட் பேனாவால் அடியில் எழுதி வைத்தேன். போன வாரம் எடுத்துப் பார்த்தேன், ஆறு மாதம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. பாதிக்கு மேல் மிச்சம். இப்போது அது என் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறது. நன்றாகவே துடைக்கிறது, கடைசியில் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால்.

நன்றி, வணக்கம்.