சிமெண்டுக்குள் போன தண்ணீர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணி நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையைச் சிறப்பிக்கும் பொறியாளர் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய வணிகப் பெரியோரே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றே கேட்கும் கொத்தனார், சித்தாள் தோழர்களே, மதுரை மண்ணில் உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு கட்டுச் சாக்கு தந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். காரணம் சற்று நேரத்தில் விளங்கும்.

"ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்" என்பார்கள். இதை முன்வைத்து, சிமெண்டோடு கலக்கும் தண்ணீர் என்ன ஆகிறது, அதை எப்படி அறிகிறார்கள், விரிசல் ஏன் விழுகிறது என்ற மூன்றைப் பேச வந்திருக்கிறேன்.

50 கிலோ சிமெண்ட் முழுமையாக வினைபுரிந்தால், ஏறத்தாழ பதினொன்றரை லிட்டர் தண்ணீர் அதனோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். எஞ்சியதில் ஒரு பகுதி வினையில் உருவாகும் சிமெண்ட் கூழுக்குள் சில நானோமீட்டர் அளவே உள்ள கூழ்த் துளைகளிலும், மற்றது அவற்றைவிடப் பெரிய நுண்குழாய்த் துளைகளிலும் தங்கும். மாதிரியை உடைக்காமல், உலர்த்தாமல் இதைப் பிரித்தறிய உதவுவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையும் இதுவே. காந்தப்புலத்தில் வைத்த மாதிரிக்குள் ரேடியோ அலைத் துடிப்பைச் செலுத்தினால், தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் திருப்பித் தரும் சைகை, துளை சிறிதாக இருக்கும் அளவுக்கு விரைவாகத் தேய்ந்து மறையும். வினைபுரிந்து சிமெண்டின் படிகத்தில் பிணைந்த தண்ணீரின் சைகை மைக்ரோவினாடிகளிலும், பெரிய துளைத் தண்ணீரின் சைகை மில்லிவினாடிகளிலும் அடங்குவதால், ஒரே மாதிரியை வாரக்கணக்கில் அளந்து, தண்ணீர் இடம் மாறுவதைப் பின்தொடர முடிகிறது. சாம்பல்நிற சிமெண்டிலுள்ள இரும்பு இந்த அளவீட்டைக் குழப்பும் என்பதால், ஆய்வகங்களில் பெரும்பாலும் வெள்ளைச் சிமெண்டையே எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு கருவியும் இல்லாமலே, சிமெண்ட் காய்ந்து அல்ல, தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகும் என்பதை அறிந்த ஒரு கொத்தனாரைத் திருநகரில் கண்டேன். சித்திரை வெயிலில் தளம் போட்ட மறுநாள், அவர் மொட்டைமாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். வைகாசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சும் அவசரத்திலிருந்த வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, "மேஸ்திரி, லாரித் தண்ணி என்ன விலைன்னு தெரியுமா? இப்படி நனைச்சுக்கிட்டே இருந்தா தளம் எப்பக் காயும்?" என்று இரைந்தார். கொத்தனார் வாளியைக் கீழே வைக்கவில்லை. "காயுறதுக்கு இது என்ன வடகமாய்யா?" என்றார். வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கூலியைப் பிடிப்பேன் என்றார், வேறு ஆள் பார்ப்பேன் என்றார். படியில் மூச்சு வாங்க நின்ற அவருடைய தாயார், "ஏன்டா, ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று கேட்டதும், மகன் மறுபேச்சின்றி இறங்கிப் போய் அடுத்த லாரிக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த அம்மையார் சொன்னதே அறிவியலும். துளைக்குள் ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சிமெண்டின் வினை ஏறக்குறைய நின்றுவிடும். வெயில் குடித்த தண்ணீரை நாம் ஈடுசெய்யாவிட்டால் வினை தொடராது. அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு 7 நாளும், நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்த கலப்புச் சிமெண்டுக்கோ வெப்ப வறட்சிக் காலத்துக்கோ 10 நாளும் குறைந்தபட்சம் ஈரம் காக்கச் சொல்கிறது. நம் ஊர்க் கோடைக்கு நான் பத்துக்குக் குறைய ஒப்பமாட்டேன்.

விரிசலைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசைப் பெரியோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கட்டுமான ஒப்பந்தங்களில் கம்பிக்கும் ஜல்லிக்கும் தனிக் கணக்கு எழுதுவதுபோல, பத்து நாள் தண்ணீருக்கும், தளம் காயாமல் மூடிவைக்கும் ஈரச்சாக்கை மாற்றும் சித்தாளின் கூலிக்கும் தனித்தொகை எழுதவேண்டும். ஆறப் பொறுக்கும் செலவு கொத்தனார் தலையில் விழக்கூடாது. அதற்கான கோரிக்கை மனுவை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும்முன் கையெழுத்திட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.