தீக்காயத்தோடு திரும்பிய கிட்டார்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "சார், இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா?" படிப்பு, வேலை, கல்யாணம் என்று பல வருஷம் பரணில் கிடந்த கிட்டாராக இருக்கும். கல்லூரிக் காலத்தில் மாற்றிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி), அதற்காகக் குடைந்த மரம், விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஃப்ரெட் (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பி), இதெல்லாம் அவர்கள் கண்ணுக்குக் குறையாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரிவதில்லை. ஏன் என்று சொல்ல, ராக் இசைக்கலைஞர் பீட்டர் ஃபிராம்ப்டனின் கருப்பு கிட்டாரைப் பற்றிச் சொன்னாலே போதும்.

1970-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் 'ஹம்பிள் பை' இசைக்குழு சான் பிரான்சிஸ்கோவில், ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசிக்கிறது. ஃபிராம்ப்டன் அதன் கிட்டார் கலைஞர், இருபது வயதுதான். அன்று அவர் கையில் இருந்தது உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கும் வகைக் கிட்டார். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டினால் அந்த ஒலியே கிட்டாரின் உடலை அதிர வைத்து, பிக்கப் வழியாக மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குள் போய் ஊளையிடும். ஃபீட்பேக் என்கிறோமே, அதுதான். ராக் இசைக்கோ சத்தம் வேண்டும். அவர் படும் பாட்டைப் பார்த்த மார்க் மரியானா என்ற ரசிகர், தன்னிடம் இருந்த கிப்சன் கம்பெனியின் 1954 மாடல் 'லெஸ் பால் கஸ்டம்' கிட்டாரை வாசித்துப் பார்க்கக் கொடுத்தார். உடல் முழுக்கக் கனமான மஹாகனி மரம். வாசித்து முடித்து, விலைக்குத் தருகிறீர்களா என்று ஃபிராம்ப்டன் கேட்க, மரியானா காசே வாங்காமல் கொடுத்துவிட்டார்.

அந்தக் கிட்டார் கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லை. 1954-இல் அந்த மாடலில் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டுதான் இருக்கும். ஒற்றைச் சுருளுக்கு ஓர் இயல்பு உண்டு: தந்தியின் அதிர்வோடு மின்கம்பிகளும் விளக்குகளும் கிளப்பும் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். கிப்சனில் பொறியாளராக இருந்த சேத் லவர் 1955-இல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காந்தத் துருவத்தையும் கம்பி சுற்றும் திசையையும் எதிரெதிராக அமைத்தார். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் ஒலி கூடிக்கொண்டு வரும். அதுதான் ஹம்பக்கர். மரியானாவின் கிட்டாரில் மரத்தைக் குடைந்து இப்படி மூன்று ஹம்பக்கர்களைப் பொருத்தியிருந்தார்கள். பழங்கிட்டார் சேகரிக்கிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். குடைந்த மரத்துக்குச் சந்தையில் விலை குறைவு. ஆனால் ஃபிராம்ப்டனின் ஒலி அந்தக் குடைந்த மரத்திலிருந்துதான் வந்தது.

1976-இல் வெளிவந்து உலகமெங்கும் விற்ற அவருடைய மேடைப் பதிவின் உறையில் இருப்பதும் இதே கிட்டார்தான்.

1980 நவம்பரில், தென் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே, அவருடைய குழுவின் கருவிகளை ஏற்றிய சரக்கு விமானம் வெனிசுவேலாவின் கராகஸில் புறப்படும்போதே விழுந்து எரிந்தது. அதை ஓட்டிச் சென்றவர்கள் இறந்துபோனார்கள். உயிர்களே போயிருக்கும்போது கிட்டாருக்காக யார் அழுவது? அதுவும் சாம்பலாகியிருக்கும் என்றே அவர் எண்ணிக்கொண்டார்.

சாம்பலாகவில்லை. யாரோ ஒருவர் கைக்குப் போய், வெனிசுவேலாக் கரைக்கு எதிரே உள்ள குராசாவ் தீவை அடைந்து, அங்கே உள்ளூர் இசைக்கலைஞர் ஒருவரிடம் வருஷக்கணக்கில் இருந்தது. அந்தத் தீவின் சுங்கத்துறை ஊழியர் ஒருவருக்குக் கிட்டார் பழுதுபார்ப்பதில் ஆர்வம் உண்டு. அவர் பார்வையில் இது பட்டபோது இரண்டு விஷயங்கள் இடித்தன. ஒன்று, தீக்காயம். இன்னொன்று, அந்தக் காலத்து உடலில் இருக்கக்கூடாத மூன்று பிக்கப். சந்தையில் விலையைக் குறைக்கிற அதே மாற்றம்தான், இது யாருடையது என்று காட்டிக்கொடுத்தது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த ஒரு லெஸ் பாலாக இருந்தால் இன்றும் அது அங்கேயே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தீவின் சுற்றுலா வாரிய அதிகாரி ஒருவர் அதை வாங்கி, 2011 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்கே கொண்டுவந்து ஃபிராம்ப்டன் கையில் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நாஷ்வில் வெள்ளத்தில் அவருடைய வேறு பல கிட்டார்கள் அழிந்திருந்தன. அந்த மனிதருக்கு இது என்னவாக இருந்திருக்கும்!

அவர் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டியதை கிப்சன் கைவினைஞர்கள் செய்தார்கள். தீக்காயத்தைத் துடைத்து மெருகேற்ற அவர் சம்மதிக்கவில்லை. சாம்பலிலிருந்து மீண்டெழும் கதைப் பறவையின் நினைவாக 'ஃபீனிக்ஸ்' என்று பெயரிட்டு, 2012 பிப்ரவரியில் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டர் மேடையில் அதை வாசித்தார்.

2019-இல் அவர் தனக்குத் தசைகளை மெல்லத் தளரச் செய்யும் நோய் இருப்பதாக அறிவித்தார். விரல்களை மடக்கும் தசைகளையும் தாக்கும் நோய் அது. அப்போதும் வாசிப்பை அவர் விடவில்லை.

பரணிலிருந்து கிட்டாரை இறக்கப்போகிற நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதலில் தந்தியை மட்டும் மாற்றுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) கொஞ்சம் அடித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, வளைந்திருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். சில வாரம் வாசித்துவிட்டு, பிறகு மற்றதை முடிவு செய்யலாம். பழைய பிக்கப்பைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் அதைக் கடையிலேயே விட்டுவிடாமல், கேட்டு வாங்கிக் கிட்டார் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.