நட்சத்திரப் பொருத்தம்

நடுவர் அவர்களே, அட்லாண்டா தமிழ் மக்களே, வணக்கம். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் பட்டத்தைத் தருவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக்கைத் தேடிப் பிடிப்பதா, மொத்த அணியா என்பது தலைப்பு. தேடிப் பிடிப்பதுதான் என்பது என் கட்சி. தலைப்புக்கு இது போதும், எதிரணி அண்ணனுக்கு வருகிறேன்.

அண்ணன் கேட்டார்: "பள்ளி ஆட்டக்காரர்களுக்குத் தரம் போடும் ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று பார்த்து எடுக்க இதென்ன கல்யாணமா? நம்ம ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட், ஸ்காலர்ஷிப் கொடுத்து யாரும் அழைக்காமல் தானாக வந்தவர். 2021, 2022 சீசன்களில் இரண்டு பட்டம் வாங்கித் தரவில்லையா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே!

ஆனால் அண்ணன் பாதிக் கதையை வீட்டிலேயே வைத்துவிட்டார். 2017இல் பென்னட் தானாக வந்தார், சரி. அடுத்த வருடமே மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் கல்லூரிக்குப் போய்விட்டார். அப்புறம் ஸ்காலர்ஷிப் கொடுத்து 2019இல் திரும்பக் கூட்டி வந்தது யார்? இதே ஜார்ஜியா! வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு, மாப்பிள்ளை தானாக வந்தார் என்றால் எப்படி அண்ணே?

நட்சத்திரம் பேசினீர்கள் அல்லவா, கேளுங்கள். இதே அட்லாண்டா. 2018 ஜனவரி 8, தேசிய இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்ஜியம். அலபாமா கோச் நிக் சேபன் என்ன செய்தார்? அதுவரை ஆடிய குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, ஹவாயில் தேடிப் பிடித்த முதலாண்டுப் பையன் துவா டகோவைலோவாவை இறக்கினார். (அந்தப் பெயரைச் சொன்ன நேரத்தை நடுவர் கழித்துக்கொள்ள வேண்டும்.) 20-20 ஆகி, கூடுதல் நேரம் வந்தது. ஜார்ஜியா 3 புள்ளி எடுத்தது. துவா 16 கெஜம் பின்னால் போய்ப் பொத்தென்று விழுந்தான். இங்கே பாதிப் பேர் சட்டையைக் கழற்றிச் சுழற்றியிருப்பீர்கள். அடுத்த பந்து... முதலில் வேண்டிய 10, இழந்த 16, ஆகத் தேவை 26 கெஜம். எறிந்தான் இடது கையால். 41 கெஜம்! ஆறு புள்ளி தரும் டச்டவுன், 26-23 என்று அலபாமாவுக்குப் பட்டம். சுழற்றிய சட்டை என்ன ஆயிற்று? முகத்தைத் துடைக்க உதவியது. எத்தனை கெஜம் கேட்டார்கள்? 26. எத்தனை கொடுத்தான்? நீங்களே சொல்லுங்கள். இன்னும் சத்தமாக!

அந்தப் பிள்ளைக்காக அவன் பெற்றோர் ஹவாயை விட்டு அலபாமாவுக்கே குடிவந்தார்கள். பிள்ளைகளுக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தானே நாமும்.

உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ்? அந்த வருடமும் அவர் அணியை விட்டுப் போகவில்லை. 2018 டிசம்பர் 1. அதே மைதானம், அதே ஜார்ஜியா. துவா அடிபட்டு வெளியே வந்தான். ஹர்ட்ஸ் எழுந்து போனார். 28-21 என்று பின்தங்கிய ஆட்டத்தைச் சமன் செய்தார், கடைசியில் பந்தோடு தானே ஓடி 35-28 என்று முடித்தார். அவரையும் ஒரு நாள் டெக்சாஸில் ஒரு வீட்டிலிருந்து நம்பி அனுப்பி வைத்தார்கள் ஐயா. அந்த வீட்டில் அன்று...

மணி அடித்துவிட்டீர்கள். சரி. வணக்கம்.