உங்கள் நாயின் முகத்தில் தெரிவது குற்றவுணர்வா?

நீங்கள் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். செருப்பு கந்தலாகக் கிடக்கிறது. கதவின் உட்புறம் ஒரு முழ உயரத்துக்கு நகக் கீறல்கள். மூலையில் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, உங்கள் கண்ணைப் பார்க்காமல் நிற்கிறது நாய். “செய்த தப்பு அதற்கே தெரிகிறது” என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் பணியாற்றும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், இந்தத் தீர்ப்பை 14 நாய்களைக் கொண்டு சோதித்து 2009இல் வெளியிட்டார். உரிமையாளர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, “தொடாதே” என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுவார். அவர் இல்லாத நேரத்தில், ஆய்வாளர் சில முறை அதை நாய்க்கே கொடுத்துவிடுவார், சில முறை எடுத்துவிடுவார்; திரும்பி வருபவரிடம் நடந்ததற்கு மாறாகவும் சொல்லப்படும். எனவே தின்ற நாய் கொஞ்சப்பட்டதும் உண்டு, தின்னாத நாய் திட்டு வாங்கியதும் உண்டு. முடிவைக் கவனியுங்கள்: அந்தக் ‘குற்ற முகம்’, நாய் தின்றதா என்பதைப் பொறுத்து மாறவில்லை, திட்டு விழுந்ததா என்பதைப் பொறுத்தே மாறியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது மிக அழுத்தமாகத் தெரிந்தது. இதைப் படித்த அன்று, என் நாயை எத்தனை முறை காரணமின்றி அதட்டியிருப்பேன் என்று எண்ணி மனம் கனத்துப்போனது.

ஆகவே முகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால், நோய்த்தொற்று இருக்கிறதா என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துப் பதிவுசெய்துவிட்டு வெளியே செல்லுங்கள். சலிப்பில் கடிக்கும் நாய் பெரும்பாலும் தூங்கி எழுந்து நிதானமாகக் கடிக்கும். பிரிவுப் பதற்றம் (வீட்டார் விட்டுச் சென்றதும் தனிமையில் வரும் கடும் பதற்றம்) உள்ள நாயோ பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே எச்சில் வடிய, மூச்சிரைக்க, வாசலுக்கும் சன்னலுக்கும் அலையத் தொடங்கிவிடும். அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடுமையான பதற்றத்துக்கு மருந்தும் உண்டு. அமெரிக்காவில் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே 1998இல் குளோமிப்ரமினும், 2007இல் ஃபுளுவாக்ஸெட்டினும் அனுமதிக்கப்பட்டன. இரண்டுமே நடத்தைப் பயிற்சியுடன் சேர்த்துத் தரப்பட வேண்டியவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

பயிற்சி, நீங்கள் கிளம்புவதை நாய்க்கு உணர்த்தும் சாவிக்கொத்திலிருந்து தொடங்குகிறது. சாவியை எடுங்கள், வெளியே போகாமல் நாற்காலியில் அமருங்கள். அந்த ஓசைக்கு நாய் தலைதூக்குவதை நிறுத்தும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அடுத்து கதவுக்கு வெளியே ஐந்து வினாடி, பிறகு பத்து வினாடி. பத்தாவது வினாடியில் அது பதறினால், மறுநாள் மூன்று வினாடியிலிருந்து தொடங்குங்கள்.