வீட்டில் நாய், பூனை ஏதும் உண்டா?

வணக்கம். ஒரு பெண் அடி தாங்க முடியாமல் வீட்டை விட்டுக் கிளம்ப நினைக்கிறாள். கையில் பணம் இல்லை, போக இடம் இல்லை, பிள்ளைகளின் படிப்பு என்னவாகும் என்று அவளைப் பிடித்து இழுக்கிற காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். நாயை யாரிடம் விட்டுப் போவது என்பதும் அதில் ஒன்று.

அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில் ஃபிராங்க் அஸ்சியோன் என்ற உளவியலாளர், பெண்கள் காப்பகத்தில் தங்கியிருந்த 38 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டார். ஆய்வு 1998இல் வெளியானது. பிராணி வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேர், கணவனோ காதலனோ அதை அடித்தான், கொன்றான், இல்லை கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான் என்று சொன்னார்கள். 38 பேர் என்பது சின்னக் கணக்கு, அதை வைத்து எல்லா ஊருக்கும் அளவு சொல்லிவிட முடியாது, சரி. ஆனால் அந்தப் பெண்களில் கிட்டத்தட்ட 5இல் ஒருவர், நாம் போய்விட்டால் அந்த வாயில்லா ஜீவனை என்ன செய்வானோ என்று பயந்தே காப்பகத்துக்கு வருவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் மனதை அறுக்கிறது. அவள் எதன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், அதன் கழுத்தில் கை வைத்தால் இவள் வாயைத் திறக்க மாட்டாள்.

பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். 1983இல் நியூ ஜெர்சியில், குழந்தைக் கொடுமைக்காகக் கண்காணிப்பில் இருந்த 53 குடும்பங்களைப் பார்த்தார்கள். பிள்ளைகளை அடித்துக் காயப்படுத்திய வீடுகளில் 88 சதவீதத்தில் பிராணிகளும் கொடுமைப்பட்டிருந்தன.

அப்புறம் சட்டம் மெல்ல அசைந்தது. 2006இல் மெய்ன் மாநிலம், பெண்ணுக்குத் தருகிற பாதுகாப்பு உத்தரவில் அவள் வளர்க்கும் பிராணியையும் சேர்க்க நீதிபதிக்கு வழி செய்தது, அமெரிக்காவில் அதுதான் முதல். 2018இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம், பிராணியோடு வருகிறவர்களுக்குத் தங்குமிடம் தர நிதி உதவிக்கு ஏற்பாடு செய்தது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமூகப் பணியாளர்களே, உதவி கேட்டு வருகிறவரிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறபோதே வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள், அது பத்திரமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். என்னை அடித்தான் என்று சொல்ல வாய் வராத பெண், நாயை அடித்தான் என்று சொல்லிவிடக்கூடும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரி யாராவது அப்படி ஒரு வீட்டில் இருந்தால், தமிழ்நாட்டில் 181க்கு அழைத்துப் பேசுங்கள். பேசும்போது உங்கள் நாயைப் பற்றியும் தயங்காமல் சொல்லுங்கள்.