காம்ப்டன் யாருடைய ஊர்?

நண்பர்களே, லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே காம்ப்டன் என்று ஒரு புறநகர். பெயரைச் சொன்னாலே பல அமெரிக்கர்களுக்குத் துப்பாக்கியும் ராப் பாட்டும்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் 1949இல் எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் விற்கும் வேலையாக வந்து ஒருவர் குடியிருந்தார். பெயர் ஜார்ஜ் புஷ். கூடவே மனைவி, ஒரு சின்னப் பையன். அப்பா, மகன் இரண்டு பேருமே பிற்பாடு அதிபர்கள் ஆனார்கள். காம்ப்டன் பிரபலங்கள் என்றால் இவர்களை யாரும் சேர்ப்பதே இல்லை!

அன்றைக்கு அது வெள்ளையர் ஊர். கறுப்பினத்தாருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம்தான் சொந்த வீட்டுக் கனவோடு கறுப்பினக் குடும்பங்கள் வரத் தொடங்கின. 1965இல் பக்கத்து வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்ததும் வெள்ளையர்கள் மளமளவென்று வெளியேறினார்கள். கடைகளும் போயின, வேலைகளும் போயின. 1969இல் முதல் கறுப்பின மேயராக டக்ளஸ் டாலர்ஹைட் வந்தபோது ஊர் இளைக்கத் தொடங்கியிருந்தது.

வில்லியம்ஸ் சகோதரிகள் டென்னிஸ் பழகியது இப்படி இளைத்த ஊரின் பொதுப் பூங்காவில். செரீனா பிறந்தது மிச்சிகனில், வீனஸ் பிறந்தது பக்கத்து லின்வுட்டில். பிறந்த இடம்தான் கணக்கு என்றால் காம்ப்டனுக்கு இருவருமே இல்லை. ஆனால் மட்டை பிடித்த இடம் இதுதான். பயிற்சியாளர் அப்பா ரிச்சர்ட். அவரே புத்தகமும் வீடியோவும் பார்த்துக் கற்றவர். 1991இல் குடும்பம் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது. செரீனாவின் 23, வீனஸின் 7 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஊர் அவர்களை விடவும் இல்லை. மூத்த சகோதரி யெடுண்டே பிரைஸ் 2003இல் காம்ப்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். வன்முறையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக, அவர் பெயரில் ஒரு மையத்தை 2016இல் இருவரும் அங்கேயே திறந்தார்கள். கோப்பைகளைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பாட்டுப் பக்கம் வந்தால், டாக்டர் டிரே, கென்ட்ரிக் லமார் என்ற ராப் கலைஞர்கள் இருவரும் படித்தது இதே ஊரின் சென்டென்னியல் உயர்நிலைப் பள்ளியில். அதுவரை செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்குமே போய்க்கொண்டிருந்த புலிட்சர் இசைப் பரிசு, 2018இல் லமாருக்குக் கிடைத்தது. டிரே 2017இல் ஊரில் கலை அரங்கம் கட்ட ஒரு கோடி டாலர் தருவதாக அறிவித்தார். தான் படித்த பள்ளிக்கு அல்ல, காம்ப்டன் உயர்நிலைப் பள்ளிக்கு.