கருவூலத்தின் சாவி யாரிடம், யார் சொல்லி?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அரசாங்கம் செலவைக் குறைக்கலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. குறைக்கச் சொல்லி மக்கள் வாக்களித்து அனுப்பினால் ஆட்சியாளர் குறைக்கத்தான் வேண்டும். நான் கேட்க வந்தது அதற்கு அடுத்த கேள்வி: சிக்கனத்தின் பெயரால் அரசின் கணினிகளுக்குள் நுழைகிறவர் யார், அவரை உள்ளே விட்டவர் யார், உள்ளே செய்ததற்கு அவர் எவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும்? 2025-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய்ப் பக்கம் பக்கமாகப் பதிவானது. ஆகவே அதை வைத்தே பேசுகிறேன்.

அதிபர் டிரம்ப் பதவியேற்ற ஜனவரி 20 அன்றே ஓர் ஆணையின் வழியே 'அரசு செயல்திறன் துறை' பிறந்தது. 'டோஜ்' என்ற சுருக்கப் பெயரில்தான் உலகம் அதை அறியும். துறை என்பது பெயரளவில்தான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி அமைத்த துறை அன்று அது. ஒபாமா காலத்தில் 2014-இல் தொடங்கிய டிஜிட்டல் சேவைப் பிரிவுக்குப் புதுப் பெயர் சூட்டி உருவாக்கப்பட்ட அமைப்பு. அதன் முகமாக ஊரறிய நின்றவர் எலான் மஸ்க். ஆனால் வழக்கு வந்தபோது, மஸ்க் அதன் தலைவர் அல்லர், அதில் ஊழியரும் அல்லர், அதிபரின் மூத்த ஆலோசகர் மட்டுமே என்று வெள்ளை மாளிகை பிப்ரவரியில் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. தற்காலிகத் தலைவர் ஏமி கிளீசன் என்ற தகவல் அதற்கும் பிறகே, அமைப்பு தொடங்கி ஒரு மாதம் கடந்த நிலையில், வெளியே வந்தது. அந்த ஒரு மாதத்தில்தான் அதன் ஆட்கள் துறை துறையாக நுழைந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அவற்றுள் கருவூலத் துறையின் பணப்பட்டுவாடாப் பிரிவை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆண்டுக்கு 5 லட்சம் கோடி டாலருக்கு மேல் அதன் வழியே போகிறது. ஓய்வூதியம், திருப்பித் தரப்படும் வரி, ஒப்பந்ததாரர் பில் எல்லாமே அதில் அடக்கம். இன்ன தொகையை இன்னாருக்குக் கொடுக்கலாம் என்று அந்தந்தத் துறையின் சான்றளிக்கும் அதிகாரி ஒப்பமிட்டு அனுப்புவார். கருவூலம் அதன்படி பணம் வழங்கும். தவறான தொகைக்கு ஒப்பமிட்டால் அந்த அதிகாரியே தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட நேரிடும் என்பது 1941-ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பல லட்சம் கோடி புரளும் இயந்திரத்தின் வாசலில் பெயர் தெரிந்த ஒரு மனிதரை நிறுத்தி, பிழை நேர்ந்தால் உன் சட்டைப்பையில் கை வைப்போம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இப்போது 2025 பிப்ரவரிக்கு வருவோம். கருவூலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய மூத்த அதிகாரி டேவிட் லெப்ரிக், இந்தக் கணினிகளுக்குள் யாரை விடுவது என்ற தகராறில் அதற்குச் சில நாள் முன்புதான் விலகியிருந்தார். உள்ளே வந்த டோஜ் குழுவின் 25 வயது ஊழியர் ஒருவருக்குத் தரவுகளைப் பார்க்க மட்டுமே அனுமதி உண்டு, மாற்ற அனுமதி இல்லை என்று அரசு திரும்பத் திரும்பக் கூறியது. பிறகு நீதிமன்றத்தில் அரசே தாக்கல் செய்த ஆவணம் வேறு கதை சொன்னது: பட்டுவாடா அமைப்புகளுள் ஒன்றில், மாற்றி எழுதும் உரிமையும் சேர்ந்தே தவறுதலாக அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்தி அவர் எதையும் மாற்றியதாக அரசு கூறவில்லை, நானும் கூறவில்லை. கவலை வேறு. பார்வையிடும் உரிமைக்கும் மாற்றும் உரிமைக்கும் இடையிலான சுவர் கணினியில் செய்யும் ஒரே ஒரு தேர்வு. அதைத் தவறாக வைத்தது யார் கண்ணிலும் படாமல் அவர் பணியில் அமர்ந்திருந்தார். சான்றளிக்கும் அதிகாரிக்கு இருக்கும் சொந்தப் பொறுப்பில் நூறில் ஒரு பங்காவது இவரை உள்ளே விட்டவருக்கு இருந்ததா?

எதிர்த்தரப்பின் வாதத்தில் சரக்கில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகமே 2023 நிதியாண்டில் முறையற்ற பட்டுவாடா 23,600 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறது. கணினிகளும் பழையவை. ஓட்டை எங்கே என்று தேட வருகிறவரிடம் வீட்டைக் காட்டமாட்டேன் என்றால் எப்படி? அமெரிக்கர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தரவு தொடர்பான வழக்கில் அரசு ஏறத்தாழ இதையே வாதிட்டது. அந்தத் தரவை டோஜ் பார்க்கக் கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2025 ஜூன் 6 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மூன்று நீதிபதிகள் அதற்கு உடன்படவில்லை.

ஆனால் கருவூல வழக்கு நடந்த விதத்தைப் பாருங்கள். நியூயார்க் தலைமையில் 19 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள், அதாவது மாநில அரசுகளின் தலைமை வழக்கறிஞர்கள், வழக்குத் தொடுத்தார்கள். டோஜ் ஆட்களை உள்ளே விடுவதற்கு நீதிபதி ஜெனட் வர்காஸ் தடை விதித்தார். ஏப்ரலில் அவரே, பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் முடித்த ஓர் ஊழியருக்கு வழிவிட்டார். அடுத்த மாதம் மற்றவர்களுக்கும். ஆக, முறையைப் பின்பற்றினால் சிக்கன வேலை நின்றுபோகும் என்ற அச்சம் பொய்த்துப் போனது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய சில வார வேலை, நீதிமன்றம் தலையிட்ட பிறகு செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

இனி என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். கண்காணிப்பையும் சிக்கனத்தையும் எதிரெதிர் முகாம்களாக நிறுத்திப் பேசுவதே தவறு. சமூகப் பாதுகாப்புப் பதிவேட்டில் 150 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று மஸ்க் அதிபரின் அலுவலகத்திலேயே நின்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நிர்வாகத்தின் தலைமை ஆய்வாளர் 2023-இலேயே அதை ஆராய்ந்து எழுதியிருந்தார்: 1920-இலோ அதற்கு முன்போ பிறந்தவர்களில் 1.89 கோடிப் பேருக்கு இறப்புத் தகவல் பதிவாகவில்லை, ஆனால் அவர்களில் பெரும்பாலும் எவருக்குமே பணம் போகவில்லை. பதிவேட்டில் பெயர் இருப்பது ஒன்று, மாதந்தோறும் பணம் போவது வேறொன்று என்ற வேறுபாட்டை அறிய அந்த அறிக்கையைப் படித்திருந்தாலே போதும். இத்தகைய ஆய்வாளர் பதவிகளைத் துறைகளில் நிறுவத் தொடங்கியது 1978-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பதவிகளில் ஏறத்தாழ பதினேழு பேர், காங்கிரஸுக்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதியை மீறி, ஜனவரி 24 அன்று ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள். வீண்செலவைத் தேடப் புறப்பட்ட அரசு, அதைத் தேடுவதையே வேலையாகக் கொண்டவர்களை முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்பியது.

விளைவு எண்களில் தெரிந்தது. மிச்சப்படுத்துவது 2 லட்சம் கோடி டாலர் என்றார்கள். பிறகு 1 லட்சம் கோடி என்றார்கள். ஏப்ரலில் 15,000 கோடி என்றார் மஸ்க். இணையத்தில் வெளியிட்ட சேமிப்புப் பட்டியலில் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடியாக ஏறியிருந்தது. செய்தியாளர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து எவரும் சரிபார்க்க இயலாத சேமிப்பை, உண்மையிலேயே அது நடந்திருந்தாலும்கூட, நம்புவதற்கு நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

இதே தரவை இதே நோக்கத்துக்காக வேறு விதமாகவும் பெற முடிந்தது என்பதுதான் எனக்கு உறைக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் உள்ள, இறந்தவர்களின் முழுப் பட்டியலைக் கருவூலம் பார்க்க 2020 டிசம்பரில் காங்கிரஸ் சட்டத்தின் மூலம் அனுமதி தந்தது: 2023 டிசம்பர் முதல் மூன்றாண்டுகளுக்கு மட்டும், முறையற்ற பட்டுவாடாவைத் தடுப்பதற்கு மட்டும். ஐந்து மாதச் சோதனையில் 3.1 கோடி டாலருக்கு மேல் தடுத்தோ மீட்டோ இருப்பதாகக் கருவூலம் 2025 ஜனவரியில் அறிவித்தது. யார் பார்க்கலாம், எதற்காக, எத்தனை காலம், பயன் என்ன என்ற நான்குக்கும் அதில் எழுத்தில் விடை உண்டு. லட்சம் கோடிகளைப் பேசுகிறவர்களுக்கு அது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் அது சரிபார்க்கத்தக்க தொகை.

நீக்கப்பட்ட ஆய்வாளர்கள் தொடுத்த வழக்கில், நீக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிபதி ஆனா ரெய்ஸ் 2025 செப்டம்பரில் கூறினார். ஆனால் மீண்டும் பணியில் அமர்த்த மறுத்துவிட்டார். அமர்த்தினாலும் அதிபர் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அவர்களை மறுபடி நீக்கிவிடலாம் என்பதே காரணம். டோஜ் அமைப்பின் தற்காலிகப் பிரிவுக்கு 2026 ஜூலை 4 வரைதான் ஆயுள் என்று தொடக்க ஆணையே சொல்கிறது. அமைப்பைக் கலைக்கத் தேதி குறித்த அந்த ஆணை, அதன் ஆட்கள் பெற்ற அனுமதிகளை ரத்து செய்வதற்கோ, அவர்கள் எடுத்த நகல்களைக் கணக்கெடுப்பதற்கோ ஒரு தேதியும் குறிக்கவில்லை.